இலை பார்த்துச் சொன்னவர்

எங்கள் பக்கத்தில் அவரைக் குசினிக்காரர் என்றுதான் சொல்வோம். புதுச்சேரியில் சமையலறைக்குக் குசினி என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. பேர் கேட்கிற அளவுக்கு நான் யாரிடமும் பேசுகிறவள் இல்லை.

புதுச்சேரியில் தங்கிப் படிக்கிற பையன்களுக்கென்று ஒரு சாப்பாட்டு விடுதி இருந்தது. அதில் அவர் சமையல். சொந்த ஊர் எங்கள் கரியமாணிக்கத்துக்குப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பந்தி முடிந்ததும், ராத்திரிச் சாப்பாட்டை மைத்துனர் தலையில் கட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவார். வீட்டுக்குப் போவதற்கு முன்னால் எங்கள் களத்தில் இறங்குவார். அங்கே அவிழ்த்துப் போட்ட வண்டியின் நுகத்தடியில் உட்கார்ந்து, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, ஈரமே இல்லாத கையை நன்றாகத் துடைப்பார். அதற்குள் ஏழெட்டுப் பேர் சுற்றிக் குந்தியிருப்பார்கள். எல்லோரும் பிள்ளையைப் படிக்க அனுப்பியவர்கள். வக்கீல் படிப்பு, வாத்தியார் படிப்பு, உத்தியோகத்துக்கான பிரெஞ்சுப் படிப்பு. எங்கள் பையன் ஒருவன்தான் வைத்தியப் படிப்பு.

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்திய வருஷங்கள் அவை. பையன்கள் படிக்கிற கட்டடத்தை வாசலோடு பார்த்தவர்கள்தான் எங்களில் அதிகம். பொங்கல் வரைக்கும் யாருக்கும் கவலை இராது. பொங்கல் முடிந்து, நெல் வீட்டுக்கு வந்து, கை கொஞ்சம் ஓய்ந்ததும்தான் பெற்றவர்களுக்குப் பயம் பிடிக்கும். அங்கேயிருந்து பரீட்சை முடிகிற வரைக்கும் எங்களுக்குக் குசினிக்காரர்தான் கதி.

அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. தமிழில் கையெழுத்துப் போடுவார், அதுவும் மூன்று எழுத்துக்கு ஒரு தடவை மூச்சு வாங்கும். ஆனால் எதைக் கேட்டாலும் சொல்வார்.

"பையனப் பாக்கணும்னா வியாழக்கிழம வாங்க. அன்னிக்கி மத்தியானம் பாடம் கெடையாது. ஆனா பந்தி நேரத்துல வந்து வாசல்ல நிக்காதீங்க. அப்பன் நிக்கிறான்னு தெரிஞ்சா எந்தப் பையனும் ரெண்டாந்தரம் சோறு கேக்க மாட்டான்."

"எள்ளுருண்ட பண்ணினா பத்துப் பேருக்குப் பண்ணுங்க. ஒருத்தனுக்குப் பண்ணிக் குடுத்தா, கூட இருக்குறவனுங்க அத்தத் தின்னுட்டு உங்க புள்ளைக்கித் தண்ணி மோந்து குடுப்பானுங்க."

"பொறந்த காகிதத்த, பொறப்பு எறப்பு எழுதற மேரி ஆபீசுல இப்பவே எழுதி வாங்கி வையுங்க. பரீட்சைக்குப் பேரு குடுக்கும்போது கேப்பாங்க. அன்னிக்கிப் போனா, எழுதறவரு சாப்புடப் போயிருப்பாரு. அவரு சாப்பாடு எனக்குத் தெரியும். ரெண்டு மணி நேரம்."

பரீட்சைக்கு முந்தின வாரம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லிக் கடிதம் போடக் கூடாது, பையன் இரண்டு நாள் தூங்கிவிடுவான். வாசலில் நின்று அழக் கூடாது, அழுதால் காவல்காரர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பையனை உடனே வெளியே அனுப்பிவிடுவார், பாடம் போய்விடும். வாத்தியாரைப் பார்க்கப் போனால் சட்டை போட்டுக்கொண்டு போக வேண்டும். கோழி கொண்டுபோகக் கூடாது.

கோழி விஷயம் நடந்த விஷயம். கிருமாம்பாக்கத்துக் கரும்புக்காரர் ஒருவர், மகன் பாஸாக வேண்டும் என்று பெரிய முசேக்குச் சேவல் ஒன்றைக் கொண்டுபோனார். முசே என்றால் பிரெஞ்சுக்கார ஐயா, பெரிய முசே என்றால் தலைமை வாத்தியார். கால் கட்டு அவிழ்ந்து சேவல் நேராக வகுப்புக்குள் நுழைந்தது. பெரிய முசே மேசைமேல் ஏறிவிட்டார் என்பது குசினிக்காரர் சொன்னது. நாற்காலியில்தான் ஏறினார் என்று பையன்கள் சொன்னார்கள்.

"அதுக்குத்தான் சொல்றன்," என்றார் குசினிக்காரர். "பூசணிக்கா எடுத்துட்டுப் போங்க. வச்ச எடத்துல இருக்கும்."

இதெல்லாம் சில்லறை. அவர் பெரிய வித்தை வேறு. பையன் எப்படிப் படிக்கிறான், உடம்பு எப்படி, மனசு எப்படி என்று எல்லாவற்றையும் அவன் சாப்பிட்டு எழுந்த இலையைப் பார்த்துச் சொல்வார். "எம் புள்ள எப்படி இருக்கான்?" என்று யாராவது கேட்டால், "மூஞ்சியில இன்னாத்தப் பாக்குறது? இலையச் சொல்றன் கேளு" என்று ஆரம்பிப்பார்.

ரசத்தை மூன்று தடவை கேட்டவனுக்கு நாலாம் நாள் காய்ச்சல் வரும் என்றார். வந்தது. கூட்டைத் தொடாமல் அப்பளத்தை மட்டும் நொறுக்குகிறவன் ஊருக்கு வர ஏங்குகிறான் என்றார். அந்தப் பையன் சனிக்கிழமையே மூட்டையோடு வந்து நின்றான். வக்கீல் படிப்புப் பையன் ஒருவன் ஒரு நாள் இலையை எதிர்ப்பக்கமாக மடித்தான். சாவுச் சாப்பாட்டில்தான் அப்படி மடிப்பது வழக்கம். "மறந்துபோயி மடிச்சிருக்கான். புத்தி எங்கியோ இருக்குது. இந்த வருசம் தேற மாட்டான்" என்றார். அவன் தேறவில்லை. அதற்குப் பிறகு அவர் சொல்லை யாரும் தட்டவில்லை. பையன் எழுதுகிற கடிதத்தைக்கூட அவரிடம் காட்டி, "நல்லா இருக்கேன்னு எழுதியிருக்கான். நெசந்தானா?" என்று கேட்டுக்கொண்டுதான் நம்பினார்கள்.

இதற்கெல்லாம் அவர் யாரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்கியதில்லை. சுற்றி உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. இன்னொன்றும் உண்டு. அவர் சமையலைக் குறை சொல்லிவிடக் கூடாது. வாத்தியார் படிப்புப் பையன் ஒருவன் ரசம் நீர்த்திருக்கிறது என்று சொன்னதற்காக, பதினைந்து நாள் அவனுக்குக் கரண்டியில் ஊற்றாமல் தேக்கரண்டியில் ஊற்றினார். "பத்திரமாச் சாப்புடு. நீர்த்தது தொண்டையில சிக்கிக்கப் போவுது" என்று வேறு சொன்னாராம்.

எங்கள் வீட்டுக்கு வந்தால் குசினிக்காரர் நேரே அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சுவார். என்னைத் தங்கச்சி என்பார், என் கணவரை மச்சான் என்பார். நான் மாட்டுக்கொட்டகைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் அவர் சொல்வதைக் கேட்பேன். கேட்க வேண்டியது இருந்தால் கணவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பேன். அவர் பாதியை மறந்துவிடுவார்.

"மச்சான், ஒண்ண நீ கேட்டுட்ட. கதவாண்ட இன்னொண்ணு நிக்கிது. அத்தயும் கேளு" என்பார் குசினிக்காரர். எல்லோரும் சிரிப்பார்கள். நான் இன்னும் உள்ளே போய்விடுவேன்.

எங்கள் பையன் ஒரே பையன். அவனுக்கு முன்னால் இரண்டு பிறந்து, இரண்டும் ஒரு வயசு காணவில்லை. இரண்டாவது குழந்தைக்கு மாந்தம் என்று மந்திரித்தார்கள். புதுச்சேரியிலிருந்து டாக்டரைக் கூட்டிவர வண்டி கட்டினார் என் கணவர். வண்டி ஊர் எல்லை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதனால் இவன் வைத்தியம் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, வீட்டில் அது நடக்க வேண்டும் என்று நான் ஒருத்திதான் பிடிவாதமாக நின்றேன். என் வாழ்க்கையில் நான் நின்ற ஒரே பிடிவாதம் அதுதான். என் கணவருக்கு மனசில்லை. ஆறு காணிக் கரும்பை யார் பார்ப்பது என்பது அவர் கேள்வி. "ஒரு தப்புத் தண்டா காதுல வுழுந்தா, மறுநா இட்டாந்து மாட்டப் புடிச்சிக் கையில குடுப்பேன்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

அந்த மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினிக்காரர் வந்தார். மற்றவர்களுக்கெல்லாம் அவரவர் பையன் சேதியைச் சொல்லி அனுப்பிவைத்தார். எங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு துண்டால் கையை மூன்று தடவை துடைத்தார்.

"மச்சான், உன் புள்ள மூணு வாரமா மீனு தொடல."

"ஏன், மீனு வெல ஏறிப்போச்சா?"

"வெளையாடாத. கருவாட்டுக் கொழம்பு வச்சா அஞ்சி தரம் சோறு வாங்குற பையன். இப்ப வாசன வந்தாலே மூக்கப் பொத்திக்கினு எழுந்திரிக்கிறான். முட்டையும் இல்ல, கறியும் இல்ல. மோரு சோறு, ஊறுகா. அவ்ளோதான் இலையில."

"ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்பு கெட்டவன் ரெண்டு வேள குளிப்பானா? வாசன சோப்பு வாங்கிக் கையத் தேய்க்கிறான். தேய்ச்சிட்டுக் குசினிக்கி வந்து, எலுமிச்சம்பழத் தோலு இருந்தாக் குடு மாமான்னு கேக்கறான். கைய மோந்து மோந்து பாக்கறான். ஒரு ஆம்பளப் புள்ளைக்கிக் கை எதுக்குடா மணக்கணும்?"

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பொண்ணு," என்றார் குசினிக்காரர். "சைவ வூட்டுப் பொண்ணு. அந்த வூட்ல மீனு வாசன ஆவாது. அதான் இவன் வுட்டுட்டான்."

கதவுக்குப் பின்னால் நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது அத்தனையும் பொருந்தியது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஊருக்கு வந்திருந்தபோதும் அவன் நெத்திலி வறுவலைத் தொடவில்லை. நான் வயிறு சரியில்லை என்று நினைத்தேன்.

"பரீட்சைக்கி இன்னும் எத்தினி நாளு?" என்றார் என் கணவர்.

"ரெண்டு மாசம் இருக்குது."

"பரீட்சையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். வியாழக்கிழம வண்டி கட்றேன். இட்டாந்து சித்திரையில என் அக்கா பொண்ணக் கட்டி வச்சிடறேன்."

புதன்கிழமை சாயங்காலம் குசினிக்காரர் ஆள்மூலம் சேதி அனுப்பினார்: தங்கச்சி கையால் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொண்டுவரட்டும். அம்மா வைத்ததை ஒதுக்கமாட்டான். சாப்பிட்டால் பெண் இல்லை. ஒதுக்கினால் சந்தேகமே வேண்டாம்.

கத்தரிக்காய் போட்டு வைத்தேன். மண்சட்டியின் வாயைத் துணியால் கட்டி மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். எங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் சீமை. பிரெஞ்சு ஊரிலிருந்து கிளம்பி, இங்கிலீஷ் ஊர் வழியாகப் போய், மறுபடி பிரெஞ்சு ஊரில் இறங்க வேண்டும். எல்லைச் சுங்கச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள்.

"சட்டியில இன்னா?"

"கொழம்பு," என்றார் என் கணவர்.

"கொழம்புக்கு எதுக்கு இத்தினி கட்டு? அவுரு."

அவிழ்த்தேன். சாவடிக்காரர் குனிந்தார். அப்படியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். "கத்திரிக்கா போட்டிருக்குதா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். "யாருக்கு?"

"புள்ளைக்கி," என்றார் என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"குடுத்து வச்ச புள்ள," என்று அவரே துணியைக் கட்டிக் கொடுத்தார்.

விடுதியில் குசினிக்காரர் எல்லாம் ஏற்பாடாக வைத்திருந்தார். பந்தி நேரத்தில் வராதே என்கிற தன் சட்டத்தை அன்று எங்களுக்காக அவரே தளர்த்தினார். என் கணவரைக் கூடத்தில் பையனுக்கு எதிரில் உட்கார வைத்தார். என்னைக் குசினிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினார். பதினைந்து பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பையன் இளைத்திருந்தான். அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அம்மா வரலியா?" என்றான்.

"வந்திருக்குது. மொதல்ல சாப்புடு," என்றார் குசினிக்காரர். சட்டியைத் திறந்து, கரண்டி நிறைய எடுத்து, சோற்றின் மேல் ஊற்றினார். ஒரு துண்டு கருவாட்டைத் தேடி எடுத்து நடுவில் வைத்தார். பிறகு ஒரு அடி தள்ளி நின்று, பஞ்சாயத்துப் பார்ப்பவர்போல இலையையே பார்த்தார். என் கணவரும் இலையையே பார்த்தார். பந்தியே இவன் இலையைப் பார்த்தது.

அவன் ஒரு உருண்டை உருட்டினான். வாய்வரைக்கும் கொண்டுபோனான். அம்மா வைத்தது என்று வாசனையிலேயே தெரிந்திருக்கும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உருண்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினான்.

"பாத்தியா?" என்றார் குசினிக்காரர். ஜெயித்த சந்தோஷம் அவர் குரலில் இருந்தது.

"எந்தத் தெருன்னு கேளு," என்று என் கணவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுத்தான் போவேன்."

நான் யாரையும் கேட்காமல் பின்பக்கம் போனேன். கிணற்றடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். தலையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். அவன் முகம் கழுவுவதற்கு முன்னால் கையைக் கழுவினான்.

"அந்தப் பொண்ணு ஆருடா?" என்றேன்.

"எந்தப் பொண்ணு?" என்றான். அவன் முழித்த முழியில் பெண் யாரும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

"அப்பறம் ஏண்டா மீனு தின்ன மாட்டேங்கற?"

அவன் கூடத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். "அப்பாகிட்ட சொல்ல மாட்டியே?"

"சொல்லு."

"பொணம் அறுக்கறோம்மா."

என் கால் ஒரு அடி பின்னால் போனது. நான் வைக்கவில்லை, அதுவாகப் போனது. அவன் அதைப் பார்த்தான்.

"பொங்கலுக்கு அப்பறம் ஆரம்பிச்சாங்க. ஆஸ்பத்திரியில செத்துப்போன கெழவரு ஒருத்தரு. வலது கைய எனக்கும் இன்னொருத்தனுக்கும் குடுத்திருக்காங்க. நரம்பு நரம்பாப் பிரிச்சிப் படிக்கணும். மருந்துல ஊறப்போட்டு வச்சிருக்காங்க. எத்தினி தரம் சோப்புப் போட்டாலும் அந்த வாசன கையை வுட்டுப் போவ மாட்டேங்குது. கருவாட்டப் பாத்தா எனக்கு..." மறுபடியும் குனிந்தான்.

என் கணவர் தீட்டு விஷயத்தில் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் கொல்லைப்புறமாக வந்து, குளித்து, ஈரத்தோடுதான் படியேறுவார். பாடை போன தெருவில் அன்றைக்கு மாட்டைக்கூட ஓட்ட மாட்டார். அவர் மகன் ஒரு மாசமாகப் பிணத்தின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். நடுவில் இரண்டு தடவை ஊருக்கு வந்து, சாமி விளக்குக்கு எதிரில் அவர் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறான். இதற்குப் பெண் விஷயமே தேவலை. பெண் என்றால் பையனை இழுத்துக்கொண்டு போவதோடு விடுவார். இது தெரிந்தால் படிப்பும் போகும், வீட்டை இடித்துக் கட்டினாலும் கட்டுவார்.

"அந்தக் கெழவருக்கு ஆரும் இல்லியா?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"இல்லம்மா. நாங்க எட்டுப் பேருதான்."

நான் பின்னால் போன ஒரு அடியை முன்னால் வைத்தேன்.

அப்போதுதான் பார்த்தேன், குசினிக்காரர் கதவடியில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார். கரண்டியிலிருந்து குழம்பு அவர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

"எலுமிச்சம்பழத் தோலு... அதுக்கா?" என்றார்.

"ஆமாம் மாமா."

"நீ மட்டுந்தானா?"

"வைத்தியம் படிக்கிறவங்க எல்லாரும் அறுப்பாங்க. ஒவ்வொரு வருசமும்."

அவர் ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். "பதினோரு வருசமா இந்தக் கைங்களுக்குத்தான் சோறு போட்டிருக்கேன்," என்றார். விரலை மடக்கி யாரையோ எண்ணினார். "போன வருசம் ஒருத்தன் ஊறுகா போதும் மாமான்னு என் கையப் புடிச்சானே. ஐயோ, அவன் எப்பவும் என் கையப் புடிச்சிப் புடிச்சிப் பேசுவானே!"

எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"சோப்பு போட்டியா?" என்று பையனைக் கேட்டார்.

"ரெண்டு தரம் மாமா."

"தோலு?"

"தேய்ச்சேன்."

"நகக்கண்ணு?"

"அதுலயும் தேய்ச்சேன்."

"சரி வுடு," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "மச்சானுக்குத் தெரிஞ்சா?"

கூடத்திலிருந்து, "இன்னா நடக்குது அங்க? எந்தத் தெருவாம்?" என்று சத்தம் வந்தது.

குசினிக்காரர் எழுந்தார். துண்டை எடுத்து இந்தத் தடவை நெற்றியைத் துடைத்தார். உள்ளே போனார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"மச்சான், பொண்ணு இல்ல."

"அப்பறம்?"

"நாந்தான் இலையத் தப்பாப் பாத்துட்டேன்." பந்தியில் பையன்கள் கை அப்படியே நின்றது. "மாசப் பொறப்புல ஒரு நாளு கருவாடு வாங்கினேன். அது கெட்டது. புழு வச்சிருந்தது. போனாப் போவுதுன்னு கழுவிக் கொழம்பு வச்சிட்டேன். உன் புள்ள இலையில அந்தத் துண்டு வுழுந்திருக்குது. பாவம், சொல்லாம இருந்திருக்கான். அதுலேர்ந்து மீனக் கண்டாலே கொமட்டுது."

"கெட்டதுன்னு தெரிஞ்சே போட்டியா?"

"போட்டேன்."

"கைய மணக்க வச்சிக்கறான்னியே?"

"அந்த நாத்தம் கையிலேயே இருக்குறாப்புல ஒரு நெனப்பு மச்சான். சின்னப் புள்ளதான?"

ரசம் நீர்த்தது என்றதற்குப் பதினைந்து நாள் வன்மம் வைத்தவர், பதினைந்து பையன்களுக்கு எதிரில், புழு வைத்த கருவாட்டைச் சமைத்தேன் என்று சொல்லிக்கொண்டு நின்றார். என் கணவர் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். திட்டி முடிந்த பிறகு என் கணவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பெண் இல்லை. கிணற்றடியிலிருந்து வந்த பையன் முதுகில் தட்டி, "மோரு சோறே தின்னு. பரீட்சைய எழுது" என்றார்.

திரும்பி வருகிற வழியில் சாவடிக்காரர், "புள்ள சாப்ட்டுதா?" என்று கேட்டார். என் கணவர் வண்டியை நிறுத்திவிட்டு, கெட்ட கருவாட்டுக் கதை முழுவதையும் அவருக்குச் சொன்னார். பிறகு வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னார். நாங்கள் ஊர் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே கதை போய்ச் சேர்ந்துவிட்டது. நான் வண்டியில் காலிச் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும். திறக்காவிட்டால் ஒரு நல்ல சமையல்காரர் பேர் கெடுகிறது. நான் திறக்கவில்லை.

இரண்டு வீட்டார் தங்கள் பையன்களை வேறு விடுதிக்கு மாற்றினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குசினிக்காரர் வழக்கம்போல் வந்து நுகத்தடியில் உட்கார்ந்தார். ஒருவரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கையைத் துடைத்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த வாரமும் வந்தார். களத்தில் கோழிகள்தான் இருந்தன. அவற்றுக்கு எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த ஆளுக்கு மோரு கீரு குடுத்து வைக்காத," என்று என் கணவர் உள்ளேயிருந்து சொன்னார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் சைக்கிள் வந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கேட்பதற்கு யாரும் இல்லை. என் கணவர் கூடத்தில் படுத்திருந்தார். நான் கதவைத் தாண்டினேன். களத்தின் குறுக்கே நடந்து போய், மற்றவர்கள் குந்துகிற இடத்தில் குந்தினேன். முகம் சுட்டது. ஊரே பார்க்கிறது என்று தோன்றியது. உண்மையில் இரண்டு மாடுகள்தான் பார்த்தன.

"அண்ணே, பையன் எப்படி இருக்கான்?" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு சுற்றிலும் பார்த்தார். சைக்கிளை நிமிர்த்திச் சாய்த்து வைத்துவிட்டு, வாகாக உட்கார்ந்துகொண்டார்.

"நேத்து முட்ட தின்னான்," என்றார். "பாதி. மஞ்சக்கருவ ஒதுக்கிட்டான். ஆனா இலைய நம்ம பக்கமா மடிச்சான். தேறிடுவான் தங்கச்சி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இப்பல்லாம் குசினி வாசல்ல அண்டாவுல வெந்நீ போட்டு மஞ்ச கரைச்சி வச்சிருக்கேன். கை முக்காம எவனும் உள்ள வர முடியாது. வக்கீலு படிக்கிறவனும் முக்கணும். எதுக்குன்னு கேட்டான் ஒருத்தன். ரசத்தத் தேக்கரண்டியில ஊத்துவேன்னேன், பேசாம முக்கினான்."

நான் சிரித்துவிட்டேன். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"கைப் பாடம் முடிஞ்சிதாம். இனிமே வயிறாம். மொதல்ல ஈரலு. ஊருக்கு வந்தான்னா பரீட்ச முடியிற வரைக்கும் வூட்ல ஈரலு வாங்காத. அவன் கண்ணுல படக்கூடாது."

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஈரல் இல்லாமல் என் கணவருக்குச் சோறு இறங்காது. அவர் கூடத்திலிருந்து, "இன்னாவாம் அந்தாளு? இன்னா சொல்றான்?" என்று கத்தினார்.

நான் எழுந்து நின்று, களத்திலிருந்தே திருப்பிக் கத்தினேன். "ஈரலு வாங்க வேணாமாம்! இந்தக் கோடையில ஆவாதாம்!"

"யாருக்கு ஆவாதாம்?"

"யாருக்குமே ஆவாதாம்!"

குசினிக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

பையன் அந்த வருஷம் தேறினான். பிறகும் மூன்று வருஷம் படித்து டாக்டராக வந்தான். புதுச்சேரியில் கேட்டால் இன்றும் நல்ல பேர் சொல்வார்கள். டாக்டர்கள் படிக்கும்போது பிணம் அறுப்பார்கள் என்று பின்னால் யாரோ என் கணவருக்குச் சொல்லிவிட்டார்கள். அது ஆபரேஷன் டாக்டர்களுக்குத்தான், தன் மகன் காய்ச்சல் டாக்டர் என்று அவர் சொல்லிவிட்டார். கெட்ட கருவாட்டுக் கதையை இன்னும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். அந்தக் கோடை முழுவதும் ஏன் ஈரல் இல்லாமல் இருந்தோம் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கு எதையும் வாசிக்கிற வழக்கமில்லை என்கிற தைரியத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன்.